ஜே.எம். முத்திரையும் ‘ரெம்லின்’ என்ற வசவும்: மார்லின் துப்பாக்கி நிறுவனம் இருமுறை கைமாறிய கதை

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகள் விற்கும் கடை ஒன்றில் மார்லின் லீவர் ரைபிளை வாங்க வருபவர் முதலில் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை. ரைபிளைக் கையில் வாங்கி, வலப்பக்கமாகச் சாய்த்து, குழல் போய்ப் பொருந்துகிற இடத்துக்குச் சற்று முன்னால், இடப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். அங்கே ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் ஜே.எம். என்ற இரண்டு எழுத்துகள் அடித்திருந்தால் முகம் மலர்கிறது. அதே இடத்தில் ஆர்.இ.பி. என்று மூன்று எழுத்துகள் இருந்தால் ரைபிள் மறுபடி மேசைக்குப் போகிறது, அல்லது பேரம் வெகு கீழே தொடங்குகிறது.

இரண்டும் சோதனை முத்திரைகள்தான். கூடுதல் அழுத்தம் கொண்ட தோட்டாவை வெடித்துப் பார்த்து, குழல் தாங்கியது என்று உறுதி செய்த பின் ஆலையில் அடிப்பது. ஜே.எம். என்றால் ஜான் மார்லின், நிறுவனத்தைத் தொடங்கியவர். ஆர்.இ.பி. என்றால், பின்னாளில் மார்லினை வாங்கிய ரெமிங்டன் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் ஆலையில் செய்த சோதனை. குழல் பத்திரமானது என்பதற்கு மேல் அந்த எழுத்துகள் எதையும் சொல்ல வந்தவை அல்ல. ஆனால் 2010-க்குப் பின் அவை ஒரு சாதிச் சான்றிதழைப் போல ஆகிவிட்டன. ஒரு துப்பாக்கி நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்போது ஆர்வலர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அறிய மார்லினைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே பெயர், 13 ஆண்டுகளுக்குள் இருமுறை விற்பனையானது. முதல் முறை வசவு விழுந்தது, இரண்டாம் முறை வரவேற்பு கிடைத்தது. இரு முறையும் வாங்கியது அதே தொழிலில் ஊறிய பெரிய நிறுவனம்தான். அப்படியானால் வித்தியாசம் எங்கே வந்தது?

கென்னா தெரு

ஜான் மார்லின் 1870-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் தொழில் தொடங்கினார். முதலில் செய்தவை சட்டைப்பைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கிகள். 1881-இல் லீவர் ரைபிளுக்கு வந்தார். விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெறும் தோட்டா வெளியேறி அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கௌபாய் படம் பார்த்தவர்களுக்கு அந்த ஓசை பழக்கம். அன்றைய அரசன் வின்செஸ்டர். அதன் ரைபிள்களில் வெறும் தோட்டா மேல்பக்கமாகத் துள்ளி விழும். மார்லின் 1889-இல் மேல்பக்கத்தை முழுவதும் மூடிவிட்டு, தோட்டா பக்கவாட்டில் வெளியேறுமாறு மாற்றினார். மழையும் தூசும் உள்ளே போகாமலிருக்கச் செய்த அந்த மாற்றம், அரை நூற்றாண்டு கழித்து வேறொரு லாபத்தைத் தந்தது. வேட்டைக்காரர்கள் ரைபிள் மீது தொலைநோக்கி பொருத்த ஆரம்பித்தபோது, மார்லினின் தட்டையான தலைக்கு மேல் அது சிக்கலில்லாமல் உட்கார்ந்தது. வின்செஸ்டர்காரர்கள் தவித்தார்கள்.

1948-இல் வந்த 336 என்ற மாடல், மான் வேட்டை நடக்கும் மாநிலங்களில் குடும்பச் சொத்தாகவே ஆனது. தாத்தா சுட்டது, அப்பா சுட்டது, பேரன் பன்னிரண்டு வயதில் தோளில் வைத்துப் பார்த்தது என்று அதைப் பற்றிப் பேசாத மார்லின் பிரியர் இல்லை. தோளில் வைக்கும் மரக்கட்டையின் அடிப்பக்கத்தில் பொட்டு வைத்ததுபோல ஒரு சிறு கறுப்பு வெள்ளை வட்டம் பதித்திருப்பார்கள். ஆர்வலர்கள் ரைபிளைத் தலைகீழாகத் திருப்பி அதையும் பார்ப்பார்கள்.

நிறுவனம் வாழ்ந்த விதமும் இந்தப் பற்றுக்குக் காரணம். முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு நியூயார்க் கூட்டணி வாங்கி இயந்திரத் துப்பாக்கி செய்ய வைத்தது. போர் முடிந்ததும் வியாபாரம் நொடித்தது. 1924-இல் ஏலத்துக்கு வந்தபோது, ஃபிராங்க் கென்னா என்ற வழக்கறிஞர் 100 டாலர் கொடுத்து, ஒரு லட்சம் டாலர் அடமானக் கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டு வாங்கினார் என்பது நிறுவனத்தார் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை. பிழைப்புக்காக இடையில் சவர பிளேடுகூட விற்றார்கள். அதன் பின் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதே குடும்பம் நடத்தியது. 1969 வாக்கில் பக்கத்து ஊரான நார்த் ஹேவனுக்கு ஆலை இடம்பெயர்ந்தது. ஆலை நின்ற தெருவுக்கே கென்னா டிரைவ் என்று பெயர். ரைபிளில் கோளாறு என்றால் எங்கே எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், பதிலும் வரும்.

ஒரு விஷயத்தை ஆர்வலர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். மார்லினும் ஒரு காலத்தில் வாங்கிய கைதான். 2000-இல் மாசசூசெட்ஸின் கார்ட்னர் ஊரில் இருந்த எச் அண்ட் ஆர் நிறுவனத்தை அது எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடும் மலிவான துப்பாக்கிகள், பல அமெரிக்கக் கிராமப் பிள்ளைகளுக்கு முதல் துப்பாக்கி. அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

மூன்று தலை நாய்

2007-இல் செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் ரெமிங்டனை வாங்கியது. ஏற்கெனவே 2006-இல் புஷ்மாஸ்டர் என்ற துப்பாக்கி நிறுவனத்தை வாங்கியிருந்தது. எல்லாவற்றையும் பின்னர் ஃபிரீடம் குரூப் என்ற ஒரே குடையின் கீழ் சேர்த்தது. 2007 டிசம்பரில், கிறிஸ்துமஸ் வாரத்தில், ரெமிங்டன் மார்லினை வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 2008 ஜனவரியில் ஒப்பந்தம் நிறைவேறியது. மார்லினோடு எச் அண்ட் ஆரும் போனது.

அப்போது எழுந்த முதல் எதிர்வினை கோபம் அல்ல. ஒருவித ‘பார்க்கலாம்’ மனநிலை. ரெமிங்டன் 1816-இல் தொடங்கிய பழம்பெரும் பெயர், அந்நியன் அல்ல. பக்கத்தில் இருந்த வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006-இல்தான் மூடப்பட்டிருந்தது. மார்லினும் அப்படி அழியாமல் யாரோ தாங்கிப் பிடித்தார்களே என்று ஆறுதல் பட்டவர்களும் உண்டு. சந்தேகப்பட்டவர்களின் கண் ரெமிங்டன் மீது இல்லை, அதற்குப் பின்னால் நின்ற பணத்தின் மீது இருந்தது. கிரேக்கப் புராணத்தில் செர்பரஸ் என்பது பாதாளத்தின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாய். உள்ளே போனவரை வெளியே விடாது. இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு வந்தவரைப் பற்றி நகைச்சுவை எழுத யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

சந்தேகம் வதந்தியாக முற்றியது. கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோஸ்தான் ஃபிரீடம் குரூப்பின் உண்மையான முதலாளி, துப்பாக்கி நிறுவனங்களை எல்லாம் வாங்கி ஒருநாள் இழுத்து மூடுவதே அவர் திட்டம் என்று ஒரு கதை பரவியது. தேசிய ரைபிள் சங்கமே இது உண்மையல்ல என்று மறுக்க வேண்டி வந்தது. வதந்தி பொய்தான். ஆனாலும் அது எதிலிருந்து முளைத்தது என்று யோசித்தால் பயத்தின் வடிவம் தெரியும். வேட்டைக்காரருக்குத் தன் ரைபிளைச் செய்பவர் யார் என்று தெரிய வேண்டும். கடன் வாங்கி நிறுவனங்களை வாங்கிக் குவிக்கும் ஒரு நிதி நிறுவனத்துக்கு முகம் கிடையாது. முகமில்லாத இடத்தில் ஜனங்கள் ஒரு முகத்தை வரைந்துகொள்கிறார்கள்.

கார்ட்னர் ஆலை 2008-லேயே மூடப்பட்டு, வேலை நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரில் இருந்த ரெமிங்டன் ஆலைக்குப் போனது. எச் அண்ட் ஆர் வைத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மார்லின்காரர்கள் அதை நம் கதையல்ல என்று நினைத்தார்கள். 2010 மார்ச்சில் அவர்கள் முறை வந்தது. நார்த் ஹேவன் ஆலை படிப்படியாக மூடப்படும், 2011 ஜூனுக்குள் முடிந்துவிடும், 265 பேர் வேலை இழப்பார்கள்.

இரண்டு டிகிரி சாய்வு

இலியனில் இருந்து வந்த மார்லின்களுக்குத்தான் ‘ரெம்லின்’ என்று பெயர் விழுந்தது. ரெமிங்டனையும் மார்லினையும் ஒட்டவைத்த சொல். யார் முதலில் சொன்னார்கள் என்பது இருக்கட்டும், ஒட்டிக்கொண்டுவிட்டது. கேட்டவுடனே பொருள் விளங்கும்: நடுவிலேயே ஏதோ பிசகிய பிறவி.

புகார்கள் வெற்று ஏக்கம் அல்ல; அளந்து காட்டக்கூடியவை. கட்டைக்கும் இரும்புக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி. உள்ளே பிசிறு தட்டாமல் விட்ட விளிம்புகள். லீவரைத் தள்ளினால் மணல் அரைப்பதுபோல ஓசை. தோட்டா பாதி வழியில் நின்றுவிடுவது. எல்லாவற்றையும்விட அதிகமாக, அதிகப் படங்களோடு பேசப்பட்டது, குறிபார்ப்பதற்காகக் குழலின் மேல் நிற்கும் முன் குறிமுனை ஒருபக்கம் சாய்ந்திருப்பது.

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், மொத்தக் கதையும் இதற்குள் இருக்கிறது. ரைபிளின் நடுப்பகுதியான ரிசீவருக்குள் குழல் மரையால் திருகப்படுகிறது. தளர்வாகத் திருகக் கூடாது, இறுகி நிற்க வேண்டும். அப்படி இறுகி நிற்கும் கடைசிப் புள்ளியில், குழலின் மேல்முகத்தில் வெட்டியிருக்கும் குறிமுனைப் பள்ளம் நேர் உச்சியில், கடிகாரத்தின் பன்னிரண்டு மணி நிலையில் வந்து நிற்க வேண்டும். மரை எந்தப் புள்ளியில் தொடங்குகிறது, குழலின் தோள் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் இரண்டு பாகங்களிலும் ஒத்துப்போனால்தான் இது நடக்கும். தோளில் ஒரு மயிரிழை அதிகம் சீவிவிட்டால் குழல் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். குறிமுனை இரண்டு டிகிரி இடப்பக்கம் சாயும். ஒரு கண்ணை மூடிக் குழல்வழியே பார்ப்பவருக்கு அந்த இரண்டு டிகிரி நெற்றியில் கோணலாக வைத்த பொட்டு மாதிரி உடனே தெரியும். அழகு மட்டும் கெடவில்லை. கோணலை ஈடுகட்டப் பின் குறிமுனையைப் பக்கவாட்டில் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். ஒரு தூரத்துக்குச் சரிப்படுத்தினால் இன்னொரு தூரத்தில் பிசகும்.

நார்த் ஹேவனில் இந்த மயிரிழையைப் பார்த்துக்கொண்டது காகிதம் அல்ல, கை. பழைய இயந்திரங்கள், பல பத்தாண்டுகள் ஓடித் தேய்ந்தவை. எந்த லேத் எந்தப் பக்கம் இழுக்கும், எதற்கு எவ்வளவு ஈடு கொடுக்க வேண்டும் என்பது அதை ஓட்டியவருக்குத் தெரியும். குழலைத் திருகிப் பார்த்து, கொஞ்சம் அதிகமென்றால் அரத்தால் ஒரு இழுப்பு. இதெல்லாம் வரைபடத்தில் ஏறாத அறிவு. இயந்திரங்கள் லாரியில் ஏறின. ஆட்கள் பெரும்பாலும் ஏறவில்லை. இலியன் தொழிலாளர்கள் திறமை குறைந்தவர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்த ஊர் அது. அவர்களிடம் கொடுக்கப்பட்டவை தேய்ந்த இயந்திரமும், அந்த இயந்திரத்துக்குப் பொருந்தாத வரைபடமும். கூடவே தேதியும் குறித்துக் கொடுத்தார்கள்.

ரெமிங்டன் பிறகு விழித்துக்கொண்டு பாகங்களைக் கணினியில் புதிதாக வரைந்தது, புதிய இயந்திரங்களைப் போட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல ரைபிள்கள் தேறின. கடைசிக் காலத்தில் வந்த ரெம்லின்கள் நன்றாகவே இருந்தன என்று கடும் விமர்சகர்களே ஒப்புக்கொள்வதுண்டு. ஆனால் பெயர் போனது போனதுதான். தேறிய ரைபிளை வாங்கியவரும் ‘பரவாயில்லை, இது நல்ல ரெம்லின்’ என்றுதான் சொன்னார்.

கழித்தல் கணக்கு

நம்பிக்கை போனதும் ஆர்வலர்கள் தாங்களே தர ஆய்வாளர்களாக மாறினார்கள். இங்கேதான் ஜே.எம். முத்திரை ஒரு சந்தைச் சொல்லாகிறது. விற்பனை விளம்பரங்களில் மாடல் பெயருக்கு முன்னாலேயே அதைப் போட ஆரம்பித்தார்கள். முத்திரை உள்ளவற்றின் விலை ஏறியது. ஒரு காலத்தில் வின்செஸ்டரைவிட மலிவு என்பதற்காகவே வாங்கப்பட்ட ரைபிள் அது!

முத்திரையோடு ஒரு கணக்கும் பரவியது. நார்த் ஹேவன் காலத்து வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை நூறிலிருந்து கழித்தால் செய்த ஆண்டு வரும். எண் 95 என்று தொடங்கினால் 2005. எண் 10 என்று தொடங்கினால் 1990. இலியனுக்குப் போன பிறகு எண்ணுக்கு முன்னால் எம்.ஆர். என்ற எழுத்துகள் வந்தன. இதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்க வேண்டாம்.

இந்தக் கணக்கையே கொஞ்சம் நீட்டினால் ஆர்வலர்களின் நம்பிக்கையில் ஓர் ஓட்டை தெரிகிறது. 92 அல்லது 91 என்று தொடங்கும் ரைபிள் 2008 அல்லது 2009-இல் செய்தது. அப்போது முதலாளி ரெமிங்டன். முத்திரையோ ஜே.எம். ஆக, முத்திரை உரிமையாளர் யார் என்று சொல்லவில்லை. எந்த ஆலை என்று மட்டும்தான் சொல்கிறது. போதாததற்கு, மீந்துபோன ஜே.எம். குழல்களை வைத்து இலியனில் பூட்டிய ரைபிள்களும் உண்டு என்று சேகரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். ஜனங்கள் ‘ரெமிங்டன் கெடுத்தது’ என்று பேசினாலும், அவர்கள் விரல் தேடியது ஊரை. எனக்கு இந்த வழக்கில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். பங்குப் பத்திரம் கைமாறியதை யாரும் ரைபிளில் உணரவில்லை, வேலை செய்த கைகள் மாறியதைத்தான் உணர்ந்தார்கள்.

பழைய மார்லின்கள் குற்றமற்றவையும் அல்ல. ‘மார்லின் ஜாம்’ என்று ஒரு கோளாறுக்கே பெயர் இருக்கிறது, அதுவும் பொற்காலத்திலேயே. தோட்டாவைத் தூக்கிவிடும் பாகத்தை லீவரின் கூரான விளிம்பு ஆண்டுக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து, ஒருநாள் இரண்டாவது தோட்டா நடுவே நழுவி மொத்த இயக்கமும் பூட்டிக்கொள்ளும். 1983 முதல் குறுக்கே ஒரு பாதுகாப்புப் பொத்தானை வைத்தபோதும், அதைச் செய்தது கென்னா குடும்பம்தான், ஆர்வலர்கள் கொதித்தார்கள். வழக்கறிஞர்களுக்குப் பயந்து வைத்த பொத்தான் என்று அதற்கு இன்றும் பெயர். பொத்தான் இல்லாத பழைய ரைபிளுக்குத் தனி விலை, ஜே.எம். முத்திரைக்கு மேல் இன்னொரு படி. வின்செஸ்டர்காரர்கள் 1964-க்கு முன், பின் என்று கோடு போட்டிருக்கிறார்களே, அதே பழக்கம். பொற்காலம் எப்போதும் போன தலைமுறையோடு முடிந்திருக்கும்.

ஆனாலும் இதை வைத்து ரெம்லின் புகார்களை வெறும் முதியோர் புலம்பல் என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொத்தானைப் பற்றிய கோபம் ரசனை. குறிமுனைச் சாய்வு குறைபாடு. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததால் ஒன்றாகிவிடாது.

பலர் திட்டிவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். 1990-களில் தொடங்கிய ஹென்றி நிறுவனம் அந்த ஆண்டுகளில் லீவர் ரைபிள் சந்தையில் நன்றாகவே வளர்ந்தது. வின்செஸ்டர் பெயரில் ஜப்பானின் மிரோகு ஆலை செய்து அனுப்பிய ரைபிள்களின் நேர்த்தியை, ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று நெஞ்சைத் தட்டியவர்களே மெல்லிய குரலில் பாராட்டினார்கள். அந்த முரண்பாட்டை யாரும் அதிகம் கிளறவில்லை.

ஏலம்

2012 டிசம்பர் 14 அன்று, மார்லின் பிறந்த அதே கனெக்டிகட்டில், நியூடவுன் ஊரின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் பயன்படுத்தியது புஷ்மாஸ்டர் ரைபிள். ஃபிரீடம் குரூப்பின் சரக்கு. கலிபோர்னிய ஆசிரியர் ஓய்வூதிய நிதியம் செர்பரஸில் பணம் போட்டிருந்தது, அழுத்தம் வந்தது. நான்கே நாளில் குழுமத்தை விற்றுவிடப்போவதாக செர்பரஸ் அறிவித்தது. எடுக்க ஆள் வரவில்லை. மார்லின் கதையைச் சொல்லும்போது பல ஆர்வலர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தாண்டிப் போவார்கள். மான் வேட்டை ரைபிளுக்கும் அந்தப் பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். கணக்குப் புத்தகம் ஒன்றுதானே! மார்லின் சம்பாதித்த டாலரும் புஷ்மாஸ்டர் சம்பாதித்த டாலரும் ஒரே கடனைத்தான் கட்டின. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்கு 2022 பிப்ரவரியில் 7.3 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

அதற்குள் நிறுவனமே இல்லை. 2016 தேர்தலுக்குப் பின் ‘துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிடும், இப்போதே வாங்கு’ என்ற அச்சம் தணிந்தது, விற்பனை சரிந்தது, கடன் அப்படியே நின்றது. 2015-இல் எச் அண்ட் ஆரின் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகள் நிறுத்தப்பட்டிருந்தன. 2018 மார்ச்சில் முதல் திவால் மனு, 2020 ஜூலையில் இரண்டாவது. நவஹோ பழங்குடி அரசு வாங்கப் பேசுகிறது என்று செய்தி வந்தது, கைகூடவில்லை. செப்டம்பரில் நீதிமன்ற மேற்பார்வையில் ஏலம் நடந்து குழுமம் துண்டு துண்டாகப் போனது. தோட்டாத் தொழில் விஸ்டா அவுட்டோருக்கு. ரெமிங்டன் துப்பாக்கிகள் ரவுண்ட்ஹில் குரூப்புக்கு, வெறும் 1.3 கோடி டாலருக்கு. மார்லின் ரூகருக்கு, சுமார் 3 கோடி டாலருக்கு. எண்ணைக் கவனியுங்கள். விழுங்கிய பெயரைவிட விழுங்கப்பட்ட பெயர் இரு மடங்குக்கும் மேல் விலை போனது.

‘லீவர் துப்பாக்கி நீடூழி வாழ்க’

ரூகர் வாங்கியது என்றதும் எழுந்த எதிர்வினையைக் கல்யாண வீட்டு உற்சாகம் என்றே சொல்லலாம். இத்தனைக்கும் ரூகர் ஒரு ரைபிளையும் இன்னும் செய்யவில்லை. பதின்மூன்று ஆண்டு அனுபவம் ‘பார்த்துவிட்டுப் பேசு’ என்று கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். ஏன் இந்த அவசர நம்பிக்கை?

ஒரு காரணம், ரூகருக்கு முகம் இருந்தது. 1949-இல் அதே கனெக்டிகட்டில், சவுத்போர்ட்டில் பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் தொடங்கியது. பங்குச் சந்தையில் இருந்தாலும் துப்பாக்கியைத் தவிர வேறு பெரிய தொழில் இல்லை; கடனில் புரளும் வழக்கமும் இல்லை. அன்றைய தலைமை நிர்வாகி கிறிஸ்டபர் கில்லாய் விட்ட அறிக்கை, நிதி மொழி பேசாமல் ‘லீவர் துப்பாக்கி நீடூழி வாழ்க’ என்று முடிந்தது. அந்த ஒரு வரி கேட்டவர்களுக்குத் தேனாக இனித்தது. விளம்பரத் துறையினர் மாதக்கணக்கில் உட்கார்ந்தாலும் அப்படி ஒன்று அமையாது.

இரண்டாவது காரணம், அதன் பிறகு ரூகர் வாயைத் திறக்கவே இல்லை. பெருந்தொற்றுக் காலம், அமெரிக்காவில் துப்பாக்கி என்று எதை வைத்தாலும் விற்ற காலம். இலியனில் கிடந்த பாகங்களை அள்ளிப் பூட்டி ‘மார்லின்’ என்று அடித்து அனுப்பியிருந்தால் அன்றே காசு. அனுப்பவில்லை. இயந்திரங்களும் பாகங்களும் லாரி லாரியாக வந்து சேர்ந்தன. வட கரோலினாவின் மேயோடன் ஆலையில் ஓராண்டுக்கும் மேல் அமைதி. ஆர்வலர்கள் அந்த அமைதியைச் சோம்பல் என்று படிக்கவில்லை, சிரத்தை என்று படித்தார்கள். ரெமிங்டன் 2011-இல் அவசரப்பட்டு அனுப்பியதன் கூலியை ரூகர் 2021-இல் பெற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

2021 டிசம்பரில் முதல் ரைபிள் வந்தது. 1895 எஸ்.பி.எல்., துருப்பிடிக்காத எஃகு, 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த 45-70 என்ற பருத்த தோட்டா. வரிசை எண்ணுக்கு முன் ஆர்.எம்.; குழலில் மேயோடன் என்று ஊர்ப் பெயர். கட்டையில் பொட்டு திரும்பியிருந்தது, கறுப்புக்குப் பதில் சிவப்பு. வாங்கியவர்கள் செய்த முதல் வேலை குழல்வழியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தது. குறிமுனை நேராக இருந்தது. கட்டை இரும்போடு ஒட்டியிருந்தது. லீவர் வழுக்கியது. ஆட்கள் மாறினார்கள், ஊர் மாறியது, இயந்திரமும் மாறியது, ஆனால் இந்த முறை வரைபடத்தை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகுதான் இரும்பை வெட்டினார்கள். நார்த் ஹேவன் கைகள் இல்லாமல் நல்ல மார்லின் முடியாது என்ற நம்பிக்கைக்கு அது ஒரு அடி. அதைப் பலர் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டார்கள்.

குறை இல்லாமலில்லை. பட்டியல் விலை 1,399 டாலர், கிடைத்தால்தானே! கிடைத்தவர்கள் அதற்கு மேல் வைத்து மறுவிற்பனை செய்தார்கள். குழலின் முனையில் ஓசையடக்கி மாட்ட மரை வெட்டியிருந்தது மரபுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. தாத்தாவின் ரைபிளில் அது ஏது என்றார்கள். வழக்கறிஞர் பொத்தானை ரூகர் எடுத்துவிடும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம், பொத்தான் அப்படியே இருந்தது. வால்நட் கட்டையும் நீலம் பாய்ச்சிய எஃகுமாக 336 கிளாசிக் 2023-இல் வந்தபோதுதான் அவர்களில் பாதிப் பேர் அமைதியானார்கள். அதே ஆண்டில் 1894 என்ற மாடலும் வந்தது.

வராதது ஒன்று உண்டு. அதைக் கேட்பவர்களும் உண்டு. மாடல் 60, 22 என்ற சிறிய தோட்டாவைச் சுடும் ரைபிள், 1960 முதல் ஒரு கோடிக்கும் மேல் விற்றது. லீவர் கிடையாது, தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்வது. அதற்கு எதிராக ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கடை அலமாரியில் நின்றது எது? ரூகரின் 10/22 என்ற ரைபிள். வாங்கியவர் தன் போட்டியாளரை உயிர்ப்பிக்க எதற்கு அவசரப்பட வேண்டும்? இதைப் பற்றி ரூகர் பிரியர்கள் தோளைக் குலுக்குகிறார்கள். மாடல் 60-இல் சுடப் பழகியவர்கள், இந்தக் கொண்டாட்டத்தில் தங்களுக்கு இலை போடவில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல முதலாளி கிடைத்தாலும் எந்தப் பிள்ளைக்குச் சோறு என்பதை அவர்தான் முடிவு செய்கிறார்.

ரெமிங்டன் துப்பாக்கிகளை ஏலத்தில் எடுத்தவர்கள் ரெம்ஆர்ம்ஸ் என்ற பெயரில் இலியன் ஆலையைத் திரும்பத் திறந்தார்கள். தலைமையகத்தை ஜார்ஜியாவின் லாகிரேஞ்சுக்கு மாற்றுவதாக முதலில் சொன்னார்கள். பிறகு மொத்த வேலையும் அங்கே போகும் என்றார்கள். 1828 முதல் துப்பாக்கி செய்த இடம் 2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டது. நார்த் ஹேவனில் அன்று வேலை போனவர்கள் 265 பேர். இலியனில் சுமார் 270 பேர்.